வற்றத் தெரிந்த ஏரிகள்

அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை, ஆவடி என்றால் டாங்க் தொழிற்சாலை, பூந்தமல்லி என்றால் பெங்களூரு பஸ். இந்த மூன்று ஊர்களுக்கும் நடுவில் தண்ணீரில் நிற்கும் மரங்களைத் தேடிப் போகிறேன் என்றபோது, அதற்குக் கேரளத்துக்கல்லவா போக வேண்டும் என்றார்கள் வீட்டில். நியாயமான கேள்வி. கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழை, அஞ்சல் பக்கங்களில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் ஆண்டு முழுக்கச் சேற்றிலேயே நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர்கள் வளைந்து மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே போகும். 1960-ல்தான் அந்தக் காடுகள் அறிவியல் எழுத்தில் ஏறின. சதுப்புக்காடு என்றதும் இன்று பலருக்கும் நினைவு வருவது அவைதான். கடலோரம் என்றால் பிச்சாவரம்.

ஆனால் இந்தியக் காடுகளை வகைபிரித்து 1968-ல் சாம்பியனும் சேத்தும் வெளியிட்ட பட்டியலில், நன்னீர்ச் சதுப்புக்காடுகளின் கீழ் வேறு சில வகைகளும் இருக்கின்றன. ஒன்று கடப்பை மரத்தின் பெயரால் அமைந்தது. இன்னொன்று நாவல் மரத்தின் பெயரால். இவை எப்போதும் நனைந்தே கிடப்பவை அல்ல, மழைக்காலத்தில் மூழ்கிக் கோடையில் காய்பவை. பட்டியல் போட்டவர்கள் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு இந்தியாவை மனத்தில் வைத்து எழுதினார்கள். இருந்தாலும், ஐப்பசியில் மூழ்கிச் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் நிலம் எது என்று தொண்டை மண்டலத்துக்காரரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்: ஏரி உள்வாய். நம் சமவெளியில் சதுப்புக்காடு தனியாக ஓரிடத்தில் இருந்ததில்லை. ஏரிக்குள்ளேயே, அதன் ஒரு பக்கத்தில் இருந்தது. அது இன்னும் எங்கே மிச்சம் என்று பார்க்கத்தான் தை பிறந்ததும் கிளம்பினேன்.

கொரட்டூர் ஏரிக்கரையில் காலை நடைக்குக் கூட்டம் அதிகம். கரைமேல் நின்றால் ஒரு பக்கம் விரிந்து கிடக்கும் தண்ணீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்வாக வீடுகள். அந்த வீடுகள் நிற்பது பழைய கழனியில். இந்தச் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கே, கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்து கடலுக்குப் போகிறது. சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் மண்கரை போட்டால் ஏரி ஆகிவிட்டது. கரையை ஒட்டிய கிழக்குப் பக்கம் ஆழம். மேற்கே போகப் போகத் தண்ணீர் மெலிந்து, முழங்காலளவு, கணுக்காலளவு, பிறகு வெறும் ஈரம், பிறகு மேட்டு நிலம். அந்த மெலிந்த பக்கத்துக்குத்தான் உள்வாய் என்று பெயர். பட்டணத்திலிருந்து போகிறவருக்கு ஏரியின் கரைதான் முதலில் தென்படும். மரமும் செடியும் நிறைந்த பக்கம் கடைசியில்தான் வரும், பலர் அதுவரை போவதுமில்லை. கரையில் நின்று படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு வரும், கொரட்டூர் நிரம்பினால் இரட்டை ஏரிக்குப் போகும். மழைநீருக்காக வெட்டிய அந்த வழியில் பல ஆண்டுகளாக வேறொன்று ஓடி வருகிறது. கழிவுநீர் கலப்பதை எதிர்த்துக் கொரட்டூர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். சாக்கடை என்றால் நாற்றம், செத்த மீன், கொசு என்றுதான் பேசுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: சாக்கடைக்குக் கோடை கிடையாது. பங்குனியிலும் வைகாசியிலும் அது அதே அளவில் வந்துகொண்டிருக்கும். மாசியில் இறங்கத் தொடங்கிச் சித்திரையில் தரை காட்ட வேண்டிய ஏரி, வற்றாத குட்டையாகிவிடுகிறது.

அப்படி ஆன ஏரியில் இரண்டே இரண்டு செடிகளுக்குத்தான் கொண்டாட்டம். ஒன்று வெங்காயத்தாமரை. சென்னையில் ஆகாயத்தாமரை என்றே சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக் குளங்களில் இறங்கிய செடி. உரம் கரைந்த தண்ணீர் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். மற்றொன்று சம்பு. ஆளுயரம் தாண்டி, பழுப்புக் கதிரோடு நெருக்கமாக நிற்கிற அது நம்முடையதுதான், குற்றம் சொல்ல முடியாது. அதன் நடுவே நீலத்தாழைக்கோழி ஒன்று சம்பின் அடித்தண்டை ஒரு காலால் பிடித்துத் தூக்கிக் கடித்துக்கொண்டிருந்தது. நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. பறவை இருக்கிறதே, ஏரி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பறவைகள் நல்ல சாட்சிகள் அல்ல. அவற்றுக்கு இறக்கை உண்டு. ஓர் இடம் கெட்டால் இன்னொன்று. செடியைப் பார்த்தால்தான் தண்ணீர் எத்தனை மாதம் நின்றது, எப்போது இறங்கியது, இறங்கியதா இல்லையா என்பது தெரியும்.

அம்பத்தூரில் சீக்கிரம் நகர்ந்தேன். 1964-ல் தொழிற்பேட்டை வந்த பிறகு இங்கே ஏரிக்கும் கழனிக்கும் இருந்த கணக்கு முடிந்துவிட்டது. மதகு இருக்கிறது, திறந்தால் பாய ஆயக்கட்டு இல்லை. கலங்கல் இருக்கிறது, கடந்த தண்ணீர் போக வழி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டை நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தபோது, இயந்திரங்களுக்குள் நீர் புகுந்த சிறுதொழில் முதலாளிகள் பட்ட பாடு செய்திகளில் வந்தது. சரிவு மாறவில்லை, தண்ணீர் பழைய வழியிலேயே வந்தது.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் இந்தப் பயணத்தில் ஏன் வருகிறது என்றால், அங்கே இரண்டு தூண்கள் இருக்கின்றன. கருவறைக்கு முன்னால் நிற்கும் அவற்றை வெள்ளெருக்கந் தூண்கள் என்கிறார்கள். குறும்பரோடு போருக்கு வந்த தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் கால் சிக்கி நின்றது, கொடியை அவன் வாளால் வெட்டினான், வெட்டிய இடத்தில் ரத்தம் கண்டான், அங்கே லிங்கம் இருந்தது. இறைவன் அருளால் போரில் வென்று, குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்த தூண்கள் இவை என்பது தலபுராணம். வாள் பட்ட வடு தெரியாமலிருக்க லிங்கத்துக்கு ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பு. தொண்டைமானுக்குத் துணை போகக் கிழக்கே திரும்பிய நந்தி அப்படியே இருக்கிறது. எருக்கு இந்தப் பருமனுக்கு வளருமா என்று பக்கத்தில் ஒருவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அந்த அம்மா, "கோயில்ல வந்து என்னா கேள்வி கேக்கறீங்க" என்று முடித்துவிட்டார்.

என் கேள்வி வேறு. முல்லை மேட்டு நிலத்துக் கொடி. எருக்கும் அப்படியே. இங்கிருந்து தெற்கே திருவேற்காட்டில் தலமரம் வெள்வேல். மாங்காட்டில் மா. எல்லாமே தண்ணீரில் கால் நனைக்காத இனங்கள். யோசித்தால் காரணம் எளிது. கோயிலும் ஊரும் மேட்டில், ஏரி பள்ளத்தில். ஊர்க்காரர் தினமும் பார்த்தது மேட்டுக் காட்டை, கொண்டாடியதும் அதைத்தான். பள்ளத்து மரங்கள் விறகுக்கும் தழை உரத்துக்கும் ஏர்க்காலுக்கும் பயன்பட்டனவே தவிர, தலபுராணத்தில் இடம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் கோயில்காடுகளைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஏரிக்காட்டைப் பற்றி வருவாய்த்துறைக் கணக்குதான் பேசும், அதுவும் புறம்போக்கு என்ற ஒரே சொல்லில்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருவது தாமஸ் பர்னார்ட். செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பிறகு, 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அவர் அளந்தார். ஊருக்கு ஊர் ஏரி எவ்வளவு, காடு எவ்வளவு, தோப்பு எவ்வளவு, நஞ்சை புஞ்சை எவ்வளவு என்று அதில் இருக்கிறது. அளந்தவர் வெள்ளைக்காரர் என்றாலும் எண்கள் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையில் வைத்திருந்தவை. அந்தக் கணக்கில் ஏரிக்கும் காட்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஏரிக்குள் இருக்கும் காட்டுக்கு இல்லை.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி. 87 ஏக்கர் இருந்த இடம் சாக்கடையும் குப்பையுமாகக் கெட்டு, பிறகு சீரமைக்கப்பட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சாயங்காலம் போனால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சுற்றிலும் நடைபாதை, படகு, பறவைகளுக்கென்று நடுவில் திட்டுகள், சுண்டல் விற்பவர். டாங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பென்ஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1965-ல் விஜயந்தா டாங்க் வெளிவந்த ஊரில், அவர்கள் இளைஞர்களாக வந்திறங்கிய காலத்தில், குடியிருப்புகளைச் சுற்றிலும் ஏரியும் கழனியும்தான் இருந்திருக்கும். இன்று நடக்க ஓர் இடம் கிடைத்ததே பெரிது. இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. சாக்கடையாகக் கிடந்ததை மீட்டது நல்ல காரியம்.

ஆனால் நடைபாதை போடும்போது ஏரி ஒரு பாத்திரமாக ஆகிவிடுகிறது. விளிம்பு கல்லால் கட்டப்பட்டுச் செங்குத்தாக இறங்குகிறது. தண்ணீர் இருந்தால் முழுதாக இருக்கும், அதற்கு மேலே டைல்ஸ். முழங்காலளவு, கணுக்காலளவு, ஈரம் என்று மெல்ல மெலிகிற அந்தப் பட்டைக்கு இடமில்லை. படகு விட வேண்டுமென்றால் மட்டமும் இறங்கக் கூடாது. கொரட்டூரில் சாக்கடை செய்த வேலையை இங்கே அக்கறை செய்கிறது: ஏரி வற்றாமல் பார்த்துக்கொள்கிறது. கரையில் புங்கனும் நீர்மருதும் நட்டிருக்கிறார்கள், வளர்ந்து நிழலும் தரும். தண்ணீருக்குள் நிற்கத் தெரிந்த மரங்களைத் தண்ணீருக்கு வெளியே நட்டிருக்கிறோம்.

ஆவடியைத் தாண்டி வடமேற்கே இன்னும் கழனி மிச்சமுள்ள பக்கத்தில் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், மனை விற்பவர்கள் ஏற்கெனவே கொடி நட்டுக்கொண்டு நெருங்கிவிட்டார்கள். கரை வழியாகப் போகாமல் மேற்கிலிருந்து உள்ளே இறங்கினேன். முதலில் பனை, வேம்பு, அவற்றின் அடியில் காரையும் சூரையும் சங்கமுள்ளும் பின்னிக் கிடக்கிற மேட்டுப் புதர். வேட்டியோடு போனால் வேட்டி திரும்பாது. அது முடிகிற இடத்தில் நொச்சி. அதற்குக் கீழே தரை சட்டென்று மென்மையாகி, பொடுதலை பாய் விரித்திருந்தது. பொடுதலையில் கால் வைத்தால் கடந்த கார்த்திகையில் தண்ணீர் அதுவரை வந்தது என்று பொருள். அடுத்து கோரை. கோரைக்கு நடுவே நீர்முள்ளி, கணுவுக்குக் கணு நீண்ட மஞ்சள் முள்ளும் ஊதாப் பூவுமாக. தொட்டவருக்கு மறக்காத செடி. சிறுநீரக உபாதைக்கு நாட்டு மருந்துக் கடைகளில் விற்பது இதன் விதையும் வேரும்தான்.

இங்கிருந்து தண்ணீர். தண்ணீருக்குள் கருவேலம். வேலிகாத்தான் என்று ஏசப்படும் சீமைக் கருவேலம் அல்ல, கறுத்த வெடித்த பட்டையும் மஞ்சள் பொட்டுப் பூவும் சிலம்பு வடிவக் காயும் கொண்ட நம் நாட்டுக் கருவேலம். ஒவ்வொரு மரத்திலும் என் இடுப்புயரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பட்டை கறுப்பு, கீழே சாம்பல். மார்கழித் தண்ணீர் நின்ற உயரம் அது. கிளைகளில் நீர்க்காக்கைகள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன.

1981-ல் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியபோது ஏரி உள்வாய்களில்தான் பெருமளவு நட்டார்கள், நட்டது பெரும்பாலும் கருவேலம். ஊராட்சிக்கு வருமானம், வீட்டுக்கு விறகு, ஏலம் விட்டால் கரி. ஒரே இனத்தை வரிசையாக நடுவது காடாகாது என்று அப்போதே குறை சொன்னார்கள். சரிதான். ஆனால் வெட்டப்படாமல் தப்பிய சில ஏரிகளில் அந்த வரிசை இன்று வரிசையாக இல்லை.

எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், இதெல்லாம் நட்டதா தானாக வந்ததா என்று கேட்டேன்.

"பாதி சர்க்காரு நட்டது, பாதி ஆடு நட்டது" என்றார்.

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கருவேலங்காய் ஆட்டுக்கு உயிர். கோடையில் ஏரி காய்ந்ததும் ஆடுகள் உள்வாய்க்குள் இறங்கும். காயைத் தின்னும். கெட்டி ஓட்டு விதை வயிற்றுக்குள் ஊறி, சாணிப்புழுக்கையோடு ஈர வெடிப்பில் விழும். ஆடிச் சாரலில் முளைத்துவிட்டால் ஐப்பசிக்குள் கொஞ்சம் தலை தூக்கியிருக்கும். தண்ணீருக்கு மேலே தலை இருந்தால் பிழைக்கும். அவ்வளவுதான் விதி. ஆடு இறங்க ஏரி காய வேண்டும், விதை முளைக்கக் காய்ந்த தரை வேண்டும், கன்று பிழைக்க மறுபடி தண்ணீர் மெதுவாக வர வேண்டும்.

பேச்சு நீண்டதும் அவரே கேட்டார்: "தம்பி என்ன, அளக்க வந்தவரா?"

"இல்லீங்க பெரியவரே, செடி பாக்க வந்தேன்."

"பாருங்க பாருங்க. அந்தப் பக்கம் மட்டும் போவாதீங்க, காலு உள்ள போயிடும். சித்திரையில வாங்க, நடுவுல நடந்தே போலாம்."

அவர் போக வேண்டாம் என்ற பக்கத்தில்தான் அல்லி இருந்தது. அல்லிக்கு முன்னால் ஆழம் குறைந்த இடத்தில் கொட்டி. நீள இலை மிதக்க, சின்னப் பூக்கதிர் மட்டும் தண்ணீருக்கு மேலே. ஏரி வற்றியதும் இலையெல்லாம் கருகிக் கிழங்கு மட்டும் சேற்றுக்குள் தங்கும். பஞ்ச காலத்தில் மக்கள் தோண்டித் தின்ற கிழங்கு அது. விளிம்பில் ஆரைக்கீரை, நாலு இலை ஒரு காம்பில். ஆரை ஒரு பெரணி இனம். அது வறட்சியைத் தாங்கும் விதம் விசித்திரமானது. காம்படியில் மிளகளவு கெட்டிக் காய்களை வைத்துவிட்டுச் செடி செத்துப்போகும். அந்தக் காய் காய்ந்த மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து, தண்ணீர் பட்டதும் ஒன்றும் நடக்காததுபோல் முளைக்கும். நெட்டி வேறு வகை. தண்டு முழுக்கக் காற்றறைகள், அதனால்தான் அத்தனை லேசு. தஞ்சாவூரில் கோபுரம் செதுக்கும் அதே நெட்டி. சேற்றில் இல்லாத காற்றைத் தண்டு வழியாக வேருக்கு அனுப்பும் ஏற்பாடு அது. சம்புக்கும் அல்லிக்கும் அதே உபாயம். கருவேலத்துக்கு அது தெரியாது. அது தண்ணீர் நிற்கும் மாதங்களில் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். அதனால்தான் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்றால் செத்துவிடுகிறது. கொரட்டூர் ஏரிக்குள் பட்டுப்போன வெள்ளை மரங்களையும் பார்த்திருந்தேன், அவற்றுக்கு விளக்கம் இங்கே கிடைத்தது.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1870-களில் விறகுப் பஞ்சத்துக்கென்று சென்னை மாகாணத்துக்கு வந்த மரம். இந்த ஏரியின் உள்வாயில் அதைக் காணோம், மேட்டோரத்தில்தான் இருந்தது. தண்ணீர் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சில மாதம் நிற்கும் இடத்தில் அதற்குப் பிடிப்பு குறைவு. வரத்துக்கால் அடைபட்டுத் தண்ணீரே வராமல் போன ஏரிகளைத்தான் அது முழுசாக எடுத்துக்கொள்ளும்.

தெற்கே இறங்கித் திருவேற்காட்டில் கூவத்தைக் கடந்தேன். மழை முடிந்து அதிக நாள் ஆகாததால் ஆற்றில் தண்ணீர் ஓடியது. கூவம் என்றால் மூக்கைப் பொத்துகிற நகரத்தார் தை மாதம் இங்கே வந்து பார்க்கலாம். கருமாரியம்மன் கோயில் வாசலில் வேப்பிலையும் எலுமிச்சை மாலையும் மலையாகக் குவிந்திருந்தன. வேதங்களே வேல மரங்களாக நின்று சிவனை வழிபட்ட ஊர் என்கிறது புராணம். அந்த வேலங்காட்டில் இப்போது அடுக்குமாடிகள்.

பூந்தமல்லி மார்க்கெட்டில் பூவைவிடக் கீரையைப் பார்க்கத்தான் போனேன். திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோன ஊர். பூ இன்றும் வருகிறது, லாரியில், வேறெங்கிருந்தோ. கீரைக்கார அம்மா ஒருவரிடம் பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி மூன்றும் இருந்தன. ஆரை கேட்டேன். "அது யாரு கண்ணு இப்ப கேக்கறா? முன்ன ஏரில பறிச்சாருவோம். இப்ப அந்தத் தண்ணிய நம்பிப் பறிக்க முடியுமா?" என்றார். கட்டில் இருந்த பொன்னாங்கண்ணி தோட்டத்தில் வளர்ந்த கொழுத்த இனம். வரப்பில் படரும் மெலிந்த நாட்டுப் பொன்னாங்கண்ணி இல்லை.

இந்தக் கீரைகளைப் பற்றி முதலில் வெளியுலகுக்கு எழுதியவர்களில் ஒருவர், 1690-களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன். சென்னையைச் சுற்றிய ஊர்களில் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, உள்ளூர்ப் பெயரும் மருத்துவ குணமும் எழுதி லண்டனில் ஜேம்ஸ் பெடிவருக்கு அனுப்பினார். ராயல் சொசைட்டியின் இதழில் அவை அச்சாயின. காய்ந்த செடிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மருந்துக்காகத்தான் தேடினார் என்றாலும், சொன்னவர்கள் இங்கத்திய வைத்தியர்களும் செடி பறிப்பவர்களும். அவர்கள் பெயர் எங்கும் இல்லை, அவர்கள் சொன்ன செடிப் பெயர்கள் மட்டும் தட்டுத்தடுமாறிய ரோமன் எழுத்தில் தங்கிவிட்டன. பிறகு 1929-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பி.வி. மயூரநாதன் சென்னை நகரமும் சுற்றுப்புறமும் கொண்ட பூக்கும் தாவரங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று மேற்குப் புறநகரில் நடப்பது கொஞ்சம் சங்கடம். புத்தகம் பொதுவாகக் காணப்படுவது என்று நினைத்த பலவற்றுக்கு இப்போது வழிகாட்டி தேவை.

செம்பரம்பாக்கம் வந்ததும் அளவு மாறிவிடுகிறது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, அடையாற்றின் தலை. கழனிக்காக இருந்த ஏரி, நகரத்தின் குடிநீர்த் தொட்டியாகி வெகுகாலம் ஆகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டபோது அடையாற்றங்கரை என்ன ஆனது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாலு வருடம் கழித்து, 2019 கோடையில், இதே ஏரி தரை காட்டியது. அந்தக் கோடையைச் சென்னை பேரழிவாக நினைவு வைத்திருக்கிறது, தண்ணீர் லாரிக்கு நின்றவர்களுக்கு அது பேரழிவுதான். ஆனால் உள்வாய்க்கு அது பழக்கமான பருவம். மேற்குக் கரையோரக் கிராமங்களில் கேட்டால், தண்ணீர் இறங்க இறங்கப் புல் இறங்கியதையும் ஆடுமாடுகள் பின்னாலேயே போனதையும் சொல்கிறார்கள். நகரத்துக்கு வேண்டிய ஏரியும் செடிக்கு வேண்டிய ஏரியும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே ஏரியில் கேட்பது பெரிய ஏரியில் முடியலாம், அதன் விளிம்பு அத்தனை நீளம். 87 ஏக்கரில் முடியாது.

எங்கும் பார்க்காதது கடப்பை. பட்டியலில் ஒரு காட்டுக்கே பெயர் கொடுத்த அந்த மரம், கொரட்டூரிலிருந்து செம்பரம்பாக்கம் வரை நான் நடந்த விளிம்புகளில் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. ஆகவே பங்குனியில் மதுராந்தகம் வழியாக வேடந்தாங்கலுக்குப் போனேன்.

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் பறவையைப் பார்க்கிறார்கள், பறவை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. தண்ணீருக்குள் கொத்துக்கொத்தாக நிற்பவை பெரும்பாலும் கடப்பை. குட்டையான, கோணல் மாணலான மரம். தலை மட்டும் குடைபோல் தட்டையாகப் பரவியிருக்கும். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு வைக்க அந்தத் தட்டைத் தலை தோது. எச்சத்தால் இலையெல்லாம் வெள்ளை. காலை ஏழு மணிக்குக் கரையோர மரம் ஒன்றின் அடியில் தண்ணீர் சிவந்திருந்தது. கடப்பை இரவில் பூக்கும். முழ நீளத்துக்குத் தொங்கும் காம்பில் சிவப்புக் குஞ்சம் குஞ்சமாக மலர்ந்து, அந்துப்பூச்சிகள் வந்துபோன பிறகு விடியலில் உதிர்ந்துவிடும். முருகனுக்கு உரிய செங்கடம்பு இதுவே என்பார் உண்டு, மறுப்பாரும் உண்டு. அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு நான் முதல் கட்சி. பட்டையை இடித்துக் குட்டையில் போட்டால் மீன் மயங்கி மிதக்கும் என்பதும் பழைய அறிவு. நாலு பட்டையாக இருக்கும் காய் தண்ணீரில் மிதந்து, இறங்கும் நீரோடு போய் எங்காவது கரை தட்டும்.

இந்த மரங்கள் தப்பியது வனத்துறையால் மட்டுமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவை சுட வந்தபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-ல் கவுல் என்ற உறுதிப் பத்திரம் வாங்கினார்கள். பறவைமேல் பாசம் மட்டும் காரணமில்லை. எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் கழனிக்குப் பாய்ந்தால் தனியாக உரம் போட வேண்டாம். பறவைக்குக் கூடு வேண்டும், கூட்டுக்குத் தண்ணீரில் நிற்கும் மரம் வேண்டும், ஆகவே மரத்தை வெட்டக் கூடாது. 1936-ல் சரணாலயமும் 2022-ல் ராம்சார் தகுதியும் வந்தது இந்தக் கணக்கின் மேல்தான். இங்கே ஆயக்கட்டு இன்னும் இருக்கிறது, மதகு இன்னும் திறக்கிறது, ஆகவே ஏரி இன்னும் வற்றுகிறது.

கரையோரமாகத் தெற்கே நடந்தபோது தண்ணீர் இறங்கிய சேற்றில் போன வருடத்துக் கடப்பைக் கன்றுகள் ஏழெட்டு தென்பட்டன. முழ உயரம். அடி இலைகள் சேறு காய்ந்து உதிர்ந்திருக்க, நுனியில் செம்பு நிறத்தில் புதுக் கொழுந்து. போன மழையில் தண்ணீர் அவற்றின் தலைக்கு மேல் சில நாள் போயிருக்க வேண்டும், ஆனாலும் பிழைத்திருந்தன. அடுத்த மழைக்குள் இன்னும் ஒரு முழம் ஏறிவிட்டால் பிறகு கவலை இல்லை. பக்கத்திலேயே ஆட்டுப் புழுக்கையில் முளைத்த கருவேலங்கன்று ஒன்றும் இருந்தது, யாரும் நடாதது.